சைபர் ஒரு தோல்விக்கு அலைந்த கதை

டைல்ஸ் கடைக்குள் நுழைந்ததும் வலது பக்கச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு புகைப்படம் இருக்கும். சிவப்புக் கிளவுஸ் மாட்டிய இரண்டு கைகள், நடுவில் முப்பது வயசு முகம் ஒன்று, ஒரு கீறல்கூட இல்லாமல். கீழே கொட்டை எழுத்தில், 'இருபத்தொரு சண்டை, இருபத்தொரு வெற்றி, தோல்வி 0' என்று போட்டிருக்கும். அதற்கும் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில், 'எங்கள் டைல்ஸும் அப்படித்தான்.' டைல்ஸ் யாரோடு சண்டை போட்டு ஜெயித்தது என்று இதுவரை எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை.

படத்தில் இருப்பவர் அந்தப் படத்துக்குக் கீழேயே மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். இப்போது வயசு நாற்பத்து நாலு. குளியலறைக்கு வழுக்காத டைல்ஸ் எது, பெட்டிக்குப் பெட்டி நிறச் சாயலைக் காட்டும் ஷேட் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று ஏன் பார்த்து வாங்க வேண்டும் என்பதையெல்லாம் அவர் அளவுக்குப் பொறுமையாகச் சொல்ல அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ஊர் அதை மறந்து பல வருஷம் ஆகிறது. ஊருக்கு அவர் சைபர். தோல்விக் கட்டத்தில் இருக்கும் சைபரால் வந்த பட்டம். ஆரம்பத்தில் அதில் மரியாதை இருந்தது. பிறகு, பரீட்சையில் சைபர் வாங்கிய பிள்ளைகளின் அப்பாக்கள் கடைக்கு வந்து, "சைபர்ங்கறது நீங்கதானா?" என்று ஒரு மாதிரிச் சிரிப்போடு கேட்கத் தொடங்கியதும், அது எந்த வகை மரியாதை என்பதில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இப்படி ஒரு சைபரை ஒரு மனிதன் தனியாக நின்று உண்டாக்க முடியாது. அதற்கு ஒரு மச்சான் வேண்டும். மனைவியின் அண்ணன்தான் கடைக்கு முதலாளி. கடை வருவதற்கு முன்பு அவர்தான் சைபருக்கு மேனேஜர். எதிராளியைத் தேர்ந்தெடுப்பதில் அவர் காட்டிய அக்கறையைத் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூடக் காட்டியதில்லை என்று தங்கையே சொல்வாள். சண்டைக்கு ஆள் சிக்கினால் நேரில் போய்ப் பார்ப்பார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே மூன்று மாடி ஏற வைப்பார். மேலே போனதும் எதிராளிக்கு மூச்சு வாங்கினால் அங்கேயே தேதி குறிப்பார். வாங்காவிட்டால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். மணி அடித்ததும், எந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும் என்று நடுவரிடம் விசாரித்தார். இன்னொருவர் கல்யாணமாகி ஒன்பதாவது நாளில் வந்தவர். அவர் பார்வை முழுக்க மூன்றாவது வரிசையிலேயே இருந்தது. ஒருவர் முப்பது மணி நேரம் பஸ்ஸில் வந்து, இறங்கிய கையோடு ரிங்குக்குள் ஏற்றப்பட்டவர். இரண்டாவது ரவுண்டில் விழுந்தவர் எழவில்லை. மயக்கம் என்று டாக்டர் ஓடினார். போய்ப் பார்த்தால் தூக்கம்.

அதற்காக சைபரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. பதினோரு வருஷம் விடியற்காலையில் எழுந்து ஓடியவர். உப்பைக் குறைத்து, சர்க்கரையை விட்டு, நண்பர்களையும் பாதி விட்டவர். அவருடைய இடது கை நேர்குத்து பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். தோளிலிருந்து கிளம்பி, போன வேகத்திலேயே திரும்பி வந்து தாடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். நல்ல கத்தியை வாங்கி வாழ்நாள் முழுக்க வெண்ணெய் மட்டும் வெட்டியது போல ஆகிவிட்டது அவர் கதை. கத்தி நல்ல கத்திதானா என்பது வெண்ணெய்க்கும் தெரியாது, கத்திக்கும் தெரியாது. மச்சானுக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். அவர் சொல்லவில்லை.

அதே ஊரில் இன்னொரு குத்துச்சண்டைக்காரர் இருந்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். நாற்பத்து நாலு சண்டையில் இருபத்தேழு வெற்றி, பதினாறு தோல்வி, ஒன்று சமம். சாயங்காலம் யாராவது வராமல் போய், "இன்னிக்கு ஒரு ஆள் குறையுது" என்று போன் வந்தால், வேலைப் பையோடு நேராக அரங்கத்துக்கு வந்துவிடுவார். ஸ்பேனரை ஒரு மூலையில் வைத்துவிட்டு கிளவுஸ் மாட்டுவார். எதிரே யார், என்ன எடை, எத்தனை சண்டை போட்டவன் என்றெல்லாம் கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அதன் பலன் முகத்தில் தெரியும். மூக்கு மூன்று தடவை திசை மாறியிருக்கிறது. முன்பல் நான்கும் கட்டியவை.

இந்த இரண்டு பேரும் மோத வேண்டும் என்று ஊர் ஆசைப்பட்டது. இரண்டு தடவை ஏற்பாடும் ஆனது. முதல் தடவை சண்டைக்குப் பத்து நாள் இருக்கும்போது சைபருக்கு மணிக்கட்டு பிசகிவிட்டதாக மச்சான் அறிவித்தார். எந்தக் கை என்பதில் மட்டும் மச்சானுக்கும் சைபருக்கும் ஒரு வாரம் கருத்து ஒற்றுமை ஏற்படவில்லை. இரண்டாவது தடவை, ஆறு நாள் இருக்கும்போது, சைபர் ஓய்வு பெறுகிறார் என்று பத்திரிகையில் செய்தி வந்தது. 'உச்சத்தில் இருக்கும்போதே விலகுகிற பக்குவம்' என்று தலைப்பு. சைபருக்கு அப்போது வயசு முப்பத்தொன்று. தாம் ஓய்வு பெற்ற விஷயம் அவருக்கும் அந்தப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரியும்.

பிறகு பதிமூன்று வருஷம் டைல்ஸ் விற்றார். கல்யாண வீடுகளில் கை குலுக்கினார்கள். "ஒரு தடவைகூடத் தோத்ததில்லையாமே" என்றார்கள். "இல்லைங்க" என்பார். அந்த "இல்லைங்க"வில் ஒரு சுருதி குறைந்துகொண்டே வந்ததை மனைவியைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

இந்த நிலையில்தான் ஊர் விளையாட்டு அரங்கத்தை இடித்துக் கட்டினார்கள். அதில் குத்துச்சண்டைக்கென்று ஒரு பயிற்சி அறை. ஊரின் மிகச் சிறந்த குத்துச்சண்டை வீரர் பெயரை அதற்கு வைப்பது என்று குத்துச்சண்டைச் சங்கம் முடிவு செய்தது. யார் அந்த மிகச் சிறந்தவர் என்று முடிவு செய்ய ஐந்து பேர் கமிட்டி. ஐந்து பேரில் ரிங்குக்குள் நின்றவர் ஒரே ஒருவர். அவரும் நடுவராக நின்றவர். இப்போது பஸ் நிலையத்துக்கு எதிரே சாவி வெட்டும் கடை வைத்திருப்பதால் சாவிக்காரர்.

சங்கத்தின் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரரும் கமிட்டியில் ஒருவர். இடத்தை அவர் கொடுத்திருந்தார், அதனால் அறிவும் அவரிடமே இருக்கும் என்று சங்கம் கருதியது. செயலாளராகவும் கமிட்டியில் ஒருவராகவும் இருந்தவர் தபால் ஆபீசில் ஓய்வு பெற்ற ஓர் அம்மா. படிவத்தில் இல்லாத எதுவும் உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி.

முதல் கூட்டத்துக்கு மச்சான் ஒரு பெரிய அட்டையோடு வந்தார். அட்டையில் இரண்டு பத்தி. ஒன்றில் 21 - 0. மற்றதில் 27 - 16. பதினாறை மட்டும் சிவப்பில் எழுதியிருந்தார்.

"நான் எதுவும் பேச வரலை. நம்பரே பேசும்" என்று சொல்லிவிட்டு மச்சான் முக்கால் மணி நேரம் பேசினார்.

ஜெராக்ஸ்காரர் தலையாட்டினார். "பதினாறு தடவை தோத்தவரு பேரை வெச்சா, அங்க பயிற்சிக்கு வர்றவங்களுக்கு என்ன நம்பிக்கை வரும் சொல்லுங்க."

சாவிக்காரர் மெதுவாகக் கையைத் தூக்கினார். "எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இருபத்தொண்ணு ஜெயிச்சாரு, சரி. யாரை ஜெயிச்சாரு?"

"எதிர்ல நின்னவங்களை" என்றார் மச்சான்.

"அது தெரியுது. நின்னாங்களான்னுதான் கேக்கறேன்."

யாரோ சிரித்தார்கள். சாவிக்காரர் சிரிக்கவில்லை. "லிஃப்ட்காரர் பதினாறு தோத்தாரு. யார் யார்கிட்டன்னு பாருங்க. அதுல ரெண்டு பேரு பின்னால நாட்டுக்கே சாம்பியன் ஆனவங்க. அவங்கள்ல ஒருத்தரோட பத்து ரவுண்டும் நின்னாரு, நான்தான் நடுவர். அந்த ஒரு தோல்வியைத் தராசுல ஒரு தட்டுல வெச்சுட்டு, உங்க இருபத்தொண்ணையும் இன்னொரு தட்டுல வெச்சுப் பாருங்க. உங்க தட்டு மோட்டுவளையில போய் இடிக்கும்."

"தோல்வி தோல்விதான். அதுல நல்ல தோல்வி, கெட்ட தோல்வின்னு இருக்கா?" என்றார் ஜெராக்ஸ்காரர்.

"வெற்றியில இருக்குல்ல" என்றார் சாவிக்காரர்.

"வருகைப் பதிவுல கையெழுத்துப் போட்டுட்டுப் பேசுங்க" என்றார் செயலாளர் அம்மா.

சைபர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று காட்டிக்கொள்ளாமலிருக்க, தரையில் பதித்திருந்த டைல்ஸை எண்ணினார். பதினான்காவது டைல் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்கும் என்று பார்வையிலேயே தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பழைய ஆல்பத்தை இறக்கினார். இருபத்தொரு படம். எல்லாவற்றிலும் நடுவர் அவர் கையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். எதிராளி படத்துக்குள் பாதிதான் இருக்கிறான். சிலவற்றில் தோள் மட்டும். மாவு பிசைகிறவரையும் தூங்கியவரையும் விட்டால் ஒரு முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை அவளுக்கு. நாள் முழுக்கப் பிறர் வாய்க்குள் பார்க்கிறவள் என்பதால் வீட்டில் வாயைப் பார்த்துப் பேசுவது அவள் வழக்கம்.

"நான் யாரை ஜெயிச்சேன்?" என்று கேட்டார்.

"என்னைக் கேட்டா? எங்க அண்ணனைக் கேளுங்க. அவருதானே ஆள் பிடிச்சுட்டு வந்தாரு."

"நல்லாத்தானே அடிச்சேன்?"

"நல்லாத்தான் அடிச்சீங்க. யாரு இல்லைன்னா?" அவள் ஒரு சட்டையை உதறினாள். "திருப்பி அடிக்கற ஆளா ஒருத்தரையும் எங்க அண்ணன் கண்ணுல காட்டலை, அவ்வளவுதான்."

அவர் ஆல்பத்தை மூடினார். மறுபடி பரணில் ஏற்றவில்லை.

அடுத்த வாரம், கடையின் பின்புறம் சரக்கு ஏற்றும் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே இருபத்தெட்டுப் பெட்டி டைல்ஸோடு நின்றுவிட்டது. ரிப்பேருக்குக் கம்பெனி அனுப்பிய ஆள் லிஃப்ட்காரர்தான். ஊர் முழுக்க இருபது வருஷமாகச் சேர்த்தே பேசுகிற இரண்டு பெயர்கள். ஆனால் இந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது மொத்தம் நாலு வாக்கியம் இருக்கும். அதிலும் இரண்டு பல்வலி பற்றியவை.

லிஃப்ட்காரர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மேலே எட்டிப் பார்த்தார். இறங்கிவந்து கையைத் துடைத்தார். "கேபிள் நல்லா இருக்கு. எவ்வளவு எடை ஏத்தலாம்னு கதவுல எழுதியிருக்கறதைத்தான் யாரும் படிக்கறதில்லை." பிறகு சைபரின் கையைப் பார்த்தார். "மணிக்கட்டு இப்ப எப்படி இருக்கு?"

"எந்த மணிக்கட்டு?"

"அதான் நானும் அப்பவே கேட்டேன்."

சைபர் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லிஃப்ட்காரரும் ஒன்றில் உட்கார்ந்து டீக் குவளையை வாங்கிக்கொண்டார்.

"பதினாறு தோத்தீங்களே. அது எப்படி இருக்கும்?"

"ஜெயிச்சவங்க கேக்கற கேள்வி" என்றார் லிஃப்ட்காரர். "கஷ்டமாத்தான் இருக்கும். அதுல ஒண்ணும் இல்லைன்னு சொல்றவன் தோத்திருக்க மாட்டான். நாலு தோல்வியில நியாயமே கிடையாது, இன்னிக்கும் ஒத்துக்க மாட்டேன். மிச்சப் பன்னண்டும் ஒழுங்காத்தான் தோத்தேன்."

"நாம ரெண்டு பேரும் அடிச்சிருந்தா?"

"யாருக்குத் தெரியும்? உங்க இடது கையை நான் வந்து பார்த்திருக்கேன். டிக்கெட் வாங்கிட்டு வந்து பார்த்தேன், ரெண்டு தடவை. நல்ல கை." டீயை முடித்துக் குவளையை வைத்தார். "ஆனா அது அடி வாங்கினதுக்கு அப்பறம் என்ன பண்ணும்னு யாரும் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்ததில்லை."

கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. அதுதான் சைபருக்கே ஆச்சரியம். "மூணு ரவுண்டு" என்றார். "பழைய ஜிம்ல. இன்னும் மூணு வாரம் கழிச்சு, ஞாயித்துக்கிழமை காலையில. சாவிக்காரர் நடுவர்."

"நமக்கு வயசு என்னன்னு தெரியுமா?"

"உங்களுக்கு நாப்பத்தேழு."

"சரி. மச்சான்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லலை."

"அப்ப வர்றேன்" என்றார் லிஃப்ட்காரர்.

மூன்று வாரம் சைபர் மறுபடி ஓடினார். கடையில் கேட்டதற்கு, டாக்டர் நடக்கச் சொன்னார் என்றார். மனைவியிடம் மட்டும் மறைக்க முடியவில்லை, பல்லுக்குக் கவசம் வேண்டியிருந்தது. அவள் ஒன்றும் கேட்காமல் க்ளினிக்குக்கு அழைத்துப்போய், நாற்காலியில் சாய்த்து, வாயில் மாவு வைத்து அளவெடுத்தாள். அவர் பேச முடியாத அந்த நேரத்தில் கேட்டாள்.

"எதிர்ல லிஃப்ட்காரரா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் அவர் தாடையை இரண்டு விரலால் பிடித்தபடியே நின்றாள். "அவருக்கு முன்னால நாலும் கட்டினது. டாக்டர் கட்டும்போது நான்தான் பக்கத்துல நின்னேன், அவ்வளவு வேலை வாங்குச்சு. பார்த்து அடிங்க." அச்சை எடுத்துக் கழுவப் போனவள் அங்கிருந்தே சொன்னாள், "உங்களுதையும் பத்திரமாக் கொண்டு வாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய ஜிம்மில் இருந்தது மூன்றே பேர். சங்கம் புது அறைக்குப் போவதால் அங்கே பாதிச் சாமானை எடுத்துவிட்டார்கள். ரிங் மட்டும் மிச்சம். சாவிக்காரர் தன் கடையில் பித்தளை நிறுக்கிற தராசில் ஒரு தட்டை எடுத்து வந்திருந்தார், மணிக்குப் பதிலாக. லிஃப்ட்காரரின் ஸ்பேனரால் அதைத் தட்டினார்.

முதல் ரவுண்டு சைபருக்குச் சொர்க்கம். இடது கை பதிமூன்று வருஷம் தூங்கி எழுந்தது போலவே இல்லை. போனது, பட்டது, திரும்பியது. லிஃப்ட்காரரின் மூக்கு சிவந்தது. 'அப்பவே அடிச்சிருக்கலாம், ஜெயிச்சிருப்பேன்' என்று சைபர் முழுசாக நம்பினார். அந்த நம்பிக்கை சுமார் இரண்டு நிமிஷம் இருந்தது.

இரண்டாவது ரவுண்டில் லிஃப்ட்காரர் அந்த இடது கையைத் தலையில் வாங்கிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். நேர்குத்து அழகாக நெற்றியில் விழுந்தது, அவர் பாட்டுக்கு ஒரு தூசியைத் தட்டிவிட்டவர் போல நடந்து வந்து, விலாவில் ஒன்று வைத்தார். சைபருக்கு உடம்பில் அப்படி ஓர் இடம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. முன்னால் வந்த இருபத்தொரு பேரும் அடி பட்டதும் பின்னால் போனவர்கள். முன்னால் வருகிற ஆளை என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தெரிந்திருக்க வேண்டிய அவசியம் வராமல் மச்சான் பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது ரவுண்டு ஒரு நிமிஷம் தாண்டியிருக்கும். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஒரு வலது கை வந்தது. அடுத்து அவர் பார்த்தது கூரையில் துருப்பிடித்த ஒரு கம்பியை.

சாவிக்காரரின் குரல் தூரத்தில் எண்ணியது. மூன்று. நாலு. கீழே குளுகுளுவென்று இருந்தது. படுத்தே இருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தார். கடை ஞாபகம் வந்தது. முதல் மாடியில் ஒரு வாடிக்கையாளருக்கு எடுத்து வைத்த பெட்டிகளின் ஷேட் நம்பர் மாறியிருக்கிறது என்பதும் ஏனோ அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஐந்து. இடது முட்டி தானாக மடங்கியது. ஆறு. கயிற்றைப் பிடித்தார். ஏழு என்னும்போது நின்றுகொண்டிருந்தார். எப்படி நின்றார் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டார், கிடைக்கவில்லை.

மிச்சமிருந்த நேரத்தை அடித்துத் தீர்த்தார் என்று சொல்ல ஆசைதான். கட்டிப் பிடித்துத் தீர்த்தார். தட்டு அடித்ததும் சாவிக்காரர் லிஃப்ட்காரரின் கையைத் தூக்கினார். அடுத்தவர் கை தூக்கப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது இதுவே முதல் தடவை என்பதால், தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று சைபருக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில், பஸ்ஸில், வலிக்கிற விலாவைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை சத்தமாகச் சிரித்துவிட்டார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

திங்கட்கிழமை, வீங்கிய கண்ணோடு, செயலாளர் அம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"ஒரு தோல்வியைப் பதியணும்மா."

"யாரோடது?"

"என்னோடது."

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஆறு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். ஜெயிச்சதா எழுதுங்கன்னு வருவாங்க, சமம்னு எழுதுங்கன்னு வருவாங்க. தோத்ததா எழுதச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கதான். டாக்டர் சான்றிதழ் இருக்கா?"

"இல்லை."

"எடை பார்த்த சீட்டு? ரெண்டு பேரோட லைசென்ஸ்? வாசல்ல ஆம்புலன்ஸ் நின்னதுக்கு ரசீது?"

"எதுவும் இல்லைம்மா. ஆனா தோத்தேன். சாவிக்காரரைக் கேளுங்க, ஏழு வரைக்கும் எண்ணினாரு."

"இதெல்லாம் இல்லாம நடந்தா அதுக்குப் பேரு சண்டை இல்லை சார், தகராறு. தகராறைப் போலீஸ் ஸ்டேஷன்லதான் பதிவாங்க." பரிதாபப்பட்டு அவர் கண்ணைப் பார்த்தார். "சங்கத்தைப் பொறுத்தவரைக்கும் ஞாயித்துக்கிழமை உங்களுக்கு ஒண்ணும் ஆகலை."

"கண்ணு வீங்கியிருக்கே."

"அதுக்குப் படிவம் இல்லை. ஐஸ் வைங்க."

விஷயம் அதற்குள் மச்சான் காதுக்குப் போய்விட்டது. கடையில் வாடிக்கையாளர் இருக்கும்போதே அவரைப் பின்பக்கம் அழைத்துப்போனார்.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம தோத்துட்டியே மாப்ளே."

"கேட்டிருந்தா?"

"கேட்டிருந்தா ஒரு நல்ல ஆளாப் பார்த்து ஏற்பாடு பண்ணியிருப்பேன். தோக்கறதுன்னாலும் ஒரு முறை வேணாமா?" மச்சான் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நிஜமான துக்கம்தான். "பொத்திப் பொத்தி வளர்த்தேனே அந்த சைபரை."

சைபருக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்குப் போனார். கண்ணைச் சுற்றி ஊதா நிறம் பச்சையாக மாறிக்கொண்டிருந்த நேரம். எழுந்து நின்று, "என் கணக்கு இனிமே இருபத்தொண்ணு, ஒண்ணு. லிஃப்ட்காரர் என்னை ஜெயிச்சுட்டாரு. அவரு பேரை வைங்க" என்று சொன்னார்.

ஜெராக்ஸ்காரர் எழுந்து கைதட்டினார். "பாருங்க. தோக்காத மனுஷன் தோத்தேன்னு சொல்றாரு. இந்தப் பணிவு யாருக்கு வரும்? இதுக்காகவே இவரு பேரைத்தான் வைக்கணும்."

"பணிவு இல்லைங்க. நிஜமாவே தோத்தேன்."

"அடடா" என்றார் ஜெராக்ஸ்காரர், கண் கலங்க.

லிஃப்ட்காரரைக் கேட்டார்கள். "மூணாவது ரவுண்டுல விழுந்தாரு. ஏழுல எந்திரிச்சாரு. எந்திரிச்சதை நான் எதிர்பார்க்கலை" என்றார். இதைக் கேட்ட இன்னொரு உறுப்பினர், எந்திரிச்சவரைத் தோத்தவர்னு எப்படிச் சொல்றது என்று ஒரு புதுக் கேள்வியைக் கிளப்பினார். அந்தக் கேள்வி ஒன்றே கால் மணி நேரம் ஓடியது. ஓட்டு எடுத்தபோது இரண்டுக்கு இரண்டு. செயலாளர் அம்மா, நடக்காத சண்டையை வைத்து ஓட்டுப் போட விதியில் இடமில்லை என்று விலகிக்கொண்டார்.

கூட்டம் கலைகிற நேரத்தில் ஜெராக்ஸ்காரருக்கு ஒரு யோசனை வந்தது. பயிற்சி அறைத் தரைக்கு முழு டைல்ஸையும் இலவசமாகக் கொடுப்பவர் மச்சான். ஊருக்கு இவ்வளவு செய்கிறவர் பெயரையே வைத்துவிட்டால் யாருக்கும் மனஸ்தாபம் இருக்காதே. ஐந்து பேரில் நான்கு பேர் ஆமோதித்தார்கள். சாவிக்காரர் ஒரு வாடிக்கையாளர் காத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார். ஆக, ஊரின் மிகச் சிறந்த குத்துச்சண்டை வீரருக்காகக் கட்டிய அறைக்கு மச்சானின் பெயர் வந்தது. யோசித்துப் பார்த்தால் அதில் தப்புச் சொல்ல முடியாது. அவரும் இன்றுவரை ஒரு சண்டையிலும் தோற்றதில்லை.

குத்துச்சண்டை அறைக்கு டைல்ஸ் ஆகாது, வியர்வை விழுந்தால் வழுக்கும், ரப்பர் விரிப்புதான் போட வேண்டும் என்று சைபர் தொழில் முறையில் எடுத்துச் சொன்னார். பளபளவென்று இருப்பதைத்தான் திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்று மச்சான் சொன்னார். முதல் மாசத்திலேயே யாரும் யாரையும் அடிக்காமல் நான்கு பேர் கீழே விழுந்தார்கள்.

பழைய ஜிம்மை இடிக்க இன்னும் ஆள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சைபரும் லிஃப்ட்காரரும் அங்கே போகிறார்கள். மூன்று ரவுண்டு, சில நாள் முட்டி வலித்தால் இரண்டு. இதுவரை ஏழு தடவை நடந்திருக்கிறது. ஆறில் லிஃப்ட்காரர் ஜெயித்தார். போன வாரம் சைபரின் இடது கை பட்டு லிஃப்ட்காரர் ஒரு முட்டி போட்டுவிட்டார். கால் இடறியது என்று அவர் சொல்கிறார். அடி பட்டுத்தான் விழுந்தார் என்று சைபர் சொல்கிறார். ரிங்குக்குள் நின்றபடியே இருவரும் அரை மணி நேரம் வாதாடினார்கள். சாவிக்காரர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, தீர்ப்பை அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தராசுத் தட்டை எடுத்துக்கொண்டு கடை திறக்கக் கிளம்பினார். வீட்டுக் கதவு பூட்டிக்கொண்டுவிட்டது என்று ஒரு குடும்பமே அவர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்ததாம்.